தொட்டாலும் தெரியாத தேமல்

தமிழ் பயில்வோர்க்கும் பொதுச் சுகாதாரத்திற்கும் யாது தொடர்பு என்று நம் கல்லூரித் தோழர் பலர் கேட்கக்கூடும். சென்ற ஆடித் திங்கள் வரையில் யானும் அங்ஙனமே எண்ணியிருந்தேன். நோயும் மருந்தும் மருத்துவர்க்கு உரியன. சொல்லும் பொருளும் எமக்கு உரியன. இவ்விரண்டிற்கும் இடையே ஓர் உயர்ந்த மதில் நிற்கின்றது என்பது என் துணிபு. அம்மதில் எவ்வாறு இடிந்தது என்பதை ஒளிவின்றி எழுதுமாறு எம் தமிழ்ப் பேராசிரியர் பணித்தார்கள். பலநாள் தயங்கினேன். இப்போது எழுதுகிறேன்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையை அடுத்துள்ள பல்கலைக்கழகம் ஒன்றில், பொதுச் சுகாதாரம் பற்றி மூன்று நாட் பயிலரங்கு ஒன்று நடைபெற்றது. மருத்துவமும் செவிலியமும் சமூகப் பணியும் பயிலும் மாணாக்கர்க்கென அமைந்தது அது. வீடுதோறும் சென்று கேட்கவேண்டிய வினாத்தாள் ஆங்கிலத்தில் இருந்தமையால், அதனைத் தமிழாக்குதற்கு நம் கல்லூரியினின்றும் நால்வரை அனுப்புமாறு கேட்டிருந்தனர். அந்நால்வருள் யானும் ஒருத்தி. எங்கள் இல்லம் அம்பத்தூரில் உள்ளது. ஆவடிவரை மின்சார ரயிலில் சென்று, அங்கிருந்து பருத்திப்பட்டு ஏரியையும் சென்னீர்க்குப்பத்தையும் கடந்து பேருந்தில் பூந்தமல்லியை அடைந்தோம். நண்பகலில் நல்ல உணவு கிட்டும். இறுதியிற் சான்றிதழ் ஒன்று கிட்டும். இவையன்றி வேறு உயர்ந்த நோக்கம் ஏதும் எங்களுக்கு இருந்ததாகச் சொல்லுதற்கு இல்லை.

முதல் நாட் காலையில் மருத்துவர் அம்மையார் ஒருவர் தொழுநோயைப் பற்றிப் பேசினார். அந்நோயைப் பற்றிப் பேசுதற்குச் சென்னையின் மேற்குப் புறத்தினும் பொருத்தமான இடம் வேறில்லை என்று அவர் தொடங்கியது எங்களுக்கு வியப்பாயிருந்தது. ஆவடியில் மத்திய ஜால்மா தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் களப்பிரிவு ஒன்று பல்லாண்டு பணியாற்றியது. 1990-களில் அப்பிரிவினர் தொழுநோய்த் தடுப்பூசிகள் பலவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்த பெருஞ்சோதனையில், 1,70,000-க்கும் மேற்பட்ட மக்கள் தாமாகவே முன்வந்து பங்கு கொண்டனர். 1999-ஆம் ஆண்டில் அக்களப்பிரிவும், சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிலையமும் ஒன்றாக இணைக்கப்பெற்றுத் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆயின. அந்நிறுவனம் அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் உள்ளது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வரும் மருத்துவர்க்கு, நோய் பரவும் வழியைக் களத்திற் சென்று துப்பறியும் கலையை 2001-ஆம் ஆண்டு முதல் அது கற்பித்து வருகின்றது. பூந்தமல்லியிலோ, சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றும் அரசாங்கப் பொதுச் சுகாதார நிலையம் இருக்கின்றது. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனிச் சட்டம் இயற்றியதும் 1939-ஆம் ஆண்டில் நம் சென்னை மாகாணமே. அயப்பாக்கத்து நிறுவனத்தின் வாயில் வழியே யான் எத்தனையோ முறை சென்றுள்ளேன். அதனுள் நடப்பது இன்னதென ஒருநாளும் கேட்டதில்லை.

பின்னர் அம்மையார் நோயின் இயல்பை விளக்கினார். அதனை உண்டாக்கும் நுண்கிருமியை 1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஹான்சன் என்பார் கண்டறிந்தார். அக்கிருமி மிக மெல்லப் பெருகுவது. உடலிற் புகுந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரே குறி காட்டுவது. சிலர்க்கு இருபது ஆண்டுகளும் ஆகும். மக்களுட் பெரும்பாலார்க்கு அதனை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. மருந்துண்ணாத நோயாளரோடு நெடுநாள் நெருங்கி வாழ்வோருட் சிலர்க்கே அது பற்றும். முற்பிறப்பின் வினையும் அன்று. முன்னோர் சாபமும் அன்று. 1980-களில் வந்த கூட்டு மருந்து அதனை முற்றும் தீர்க்கும். சிறிய அளவினதாயின் ஆறு மாதம், மிகுந்ததாயின் ஓராண்டு. மருந்துக்கு விலையில்லை. பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் அளவினும் நோயாளர் தொகை குறைந்துவிட்டதென 2005-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா அறிவித்தது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் புதியராகக் கண்டறியப்படுவோருட் பாதிக்கு மேற்பட்டோர் இந்நாட்டினரே.

“மருந்து இருந்தும் நோய் ஏன் இருக்கின்றது?” என்று ஒரு மாணவர் வினவினார்.

“மறைக்கிறார்கள். அல்லது, தமக்கு இருப்பது இன்னதென்று அறியாமலே இருக்கிறார்கள். உங்கள் வினாத்தாள் அவர்களுக்காகத்தான்” என்றார் அம்மையார்.

நண்பகலுக்குப் பின் எங்கள் வேலை தொடங்கிற்று. முன்னரே எவரோ அவசரமாகச் செய்திருந்த தமிழாக்கத்தில், ‘உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் குஷ்டம் உண்டா?’ என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில், சிறு வயதிலேயே யான் கேட்டறிந்த சொல் அது; நம் பழைய வேத மொழிபெயர்ப்பில் ‘குஷ்டரோகி’ என்றே வரும். அச்சொல்லைக் கேட்டு எவரும் ஆம் என்று விடை கூறார் என நாங்கள் வாதிட்டோம். குட்டம், பெருநோய், பெருவியாதி, தொழுநோய் என்று சொற்களை அடுக்கி அடுக்கி ஆராய்ந்தோம். இறுதியில், யான் எழுதிய வாக்கியமே ஏற்றுக்கொள்ளப்பட்டது. ‘தம் மேனியில் புலனுணர்வு குன்றிய வெளிறிய படலம் யாதேனும் தோன்றியுள்ளதோ?’ என்பது அது. எத்துணைச் செவ்வியது! அன்று மாலை ஆவடிக்குத் திரும்பும் வழியில் அதனை மனத்துள் மும்முறை சொல்லி மகிழ்ந்தேன்.

மறுநாள் பூந்தமல்லியைத் தாண்டிய ஒரு தெருவில் வினாத்தாளைக் கைக்கொண்டு சென்றோம். முதல் வீட்டுத் திண்ணையில், முறத்தில் அரிசி புடைத்துக் கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம் என் வாக்கியத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“இன்னா கண்ணு கேக்கற? படலமா? வேலிப் படலா?”

என் தோழியர் நகைப்பை அடக்க மாட்டாது திரும்பிக் கொண்டனர். யான் நாணத்துடன், வெளிறிய திட்டு, தோலின்மேல், தொட்டால் உணர்ச்சி இராது என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அவர் கேட்டு முடித்து, ஒரு கணமும் எண்ணாமற் கூறினார்:

“தொட்டாலும் தெரியாத தேமல் இருக்குதான்னு கேட்டுட்டுப் போயேன். இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பெரிய பேச்சு?”

உடனிருந்த செவிலிய மாணவி என்னைப் பார்த்தாள். “அவ்வளவுதான், அதையே எழுதிக்கொள்” என்றாள். என் வாக்கியத்தை அடித்துவிட்டு, அதன்மேல் அம்மூதாட்டியின் வாக்கியத்தை எழுதினேன். ‘தொட்டாலும் தெரியாத தேமல்’ என்று எழுதி முடித்த அளவில் என் கை நின்றுவிட்டது.

என் இடது முன்கையின் புறத்தே, ஒரு ரூபாய் நாணயத்தினும் சற்றுப் பெரியதாக, வெளிறிய திட்டு ஒன்று ஓராண்டாக இருந்தது. அதனை வீட்டில் தேமல் என்றனர். குப்பைமேனி இலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினர். கல்லூரியில் என் உற்ற தோழி அதற்கு வேறு பெயர் இட்டிருந்தாள். சங்கப் பாக்களில், தலைவியின் மேனியிற் படரும் சுணங்கும் திதலையும் அழகின் அடையாளங்கள் அல்லவா? சுணங்கு என்பதற்குத் தேமல் என்றே உரைகாரர் பொருள் கூறுவர். “சுணங்கணிந்த தலைவி வருகிறாள்” என்று அவள் நகையாடுவாள். யானும் உடன் நகைப்பேன். முதல் நாட் சொற்பொழிவு முழுவதையும் கேட்டேன். ‘புலனுணர்வு குன்றிய வெளிறிய படலம்’ என்று என் கையாலேயே எழுதினேன். அப்போதெல்லாம் என் கை எனக்கு நினைவு வரவில்லை. படிப்பில்லாத ஒருவர் திண்ணையிலிருந்து சொன்ன சொல்லே என் கையை எனக்குக் காட்டிற்று. மேலாடையின் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக் கொண்டு அடுத்த வீட்டுக்குச் சென்றேன்.

அன்றிரவு என் தம்பியை அழைத்து, “விளையாட்டு ஒன்று கற்றுத் தருகிறேன்” என்றேன். அவன் ஐந்தாம் வகுப்பிற் படிப்பவன். யான் கண்ணை மூடிக்கொள்வேன். அவன் பேனாவின் முனையால் என் கையை மெல்லத் தொடவேண்டும். தொட்ட இடத்தை யான் விரலாற் காட்டவேண்டும். அவன் தொட்டான், காட்டினேன். மீண்டும் தொட்டான், காட்டினேன். பின்னர் நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. “ஏன் நிறுத்திவிட்டாய்?” என்றேன்.

“நிறுத்தலையே. மூணு தரம் தொட்டேன், அக்கா. நீதான் தோத்துட்ட” என்று அவன் கைகொட்டி நகைத்தான்.

மூன்றாம் நாள், பயிலரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். அன்று பேசப்பட்டவை யாவும் என்னை நோக்கியே பேசப்பட்டனபோல் இருந்தன. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-ஆம் ஆண்டு முதற் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் கண்ட உண்மை ஒன்றை அம்மையார் எடுத்துரைத்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே உதிர்வன அல்ல. வலி அறியாத கை, சுடும் பாத்திரத்தையும் கூரிய கருவியையும் அறியாமற் பற்றிப் புண்பட்டுப் புண்பட்டே சிதைகின்றது. வலி என்பது காவல். அது போனால் கை போம். அடுத்து வந்தவர் சட்டங்களைப் பற்றிக் கூறினார். 1898-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இந்நோயுற்ற வறியோரைப் பிடித்து அடைத்து வைக்கவும், சில தொழில்களைச் செய்யவொட்டாமலும் பொதுக் கிணற்றில் நீர் மொள்ளவொட்டாமலும் தடுக்கவும் அதிகாரம் அளித்தது. அது 2016-ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பெற்றது. இந்நோயைக் காரணமாகக் காட்டி மணவிலக்குக் கோரும் வழி 2019-ஆம் ஆண்டில் அடைக்கப்பெற்றது. கிறிஸ்தவர்க்குரிய 1869-ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டமும் அவ்வாறே திருத்தப்பெற்றது.

அப்போது, சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை என் நினைவுக்கு வந்தது. புகார் நகரத்து ஐவகை மன்றங்களுள் இலஞ்சி மன்றம் என்பது ஒன்று. கூனரும் குறளரும் ஊமரும் செவிடரும் அழுகிய மேனியரும் அப்பொய்கையில் மூழ்கி வலம்வந்து நல்லுருப் பெற்றுச் செல்வர் என்று இளங்கோவடிகள் பாடுகின்றார். தேர்வில் இப்பகுதிக்கு விடை எழுதுகையில் அதனை அழகிய புனைந்துரை என்று எழுதி மதிப்பெண் பெற்றவள் யான். பொய்கை நோய் தீர்க்குமா என்பது ஒருபுறம் நிற்க. அழுகிய மேனியர் வருதற்கென்று நகரின் நடுவே ஒரு மன்றத்தை வைத்தாரே அப்புலவர்! 1898-ஆம் ஆண்டுச் சட்டமோ அவர்களைக் கிணற்றங்கரையினின்றும் விரட்டிற்று. எது நாகரிகம்?

கூட்டம் கலைந்தபின் அம்மையாரை அணுகிக் கையைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாது என் கையைத் தம் வெறுங்கையாற் பற்றிக் கொண்டார். அந்த ஒரு செய்கையை யான் மறக்கமாட்டேன். பஞ்சின் நுனியால் தொட்டுப் பார்த்தார். முழங்கையின் பின்னே நரம்பை விரலால் தடவிப் பார்த்தார். “நரம்பு நன்றாக இருக்கிறது அம்மா. கை மடங்காது, விரலுக்கு ஒன்றும் ஆகாது. நேரத்தில் வந்துவிட்டாய். நாளையே உங்கள் பகுதி அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குப் போ” என்றார்.

நாளையே போவது எளிதாயில்லை. என் தாயார் முதலில் நம்பவில்லை. நம்பிய பின்னர் அஞ்சினார். “இது தேமல்தான். வெளியே மூச்சு விடாதே. நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகவேண்டாமா? உன் தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்களா?” என்று அழுதார். தந்தையார் சுவரை நோக்கி அமர்ந்திருந்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லாதிருந்த அவ்வேளையில் என் பாட்டி வாய் திறந்தார்.

“என் அண்ணனுக்கும் தேமல்னுதான் சொன்னோம்” என்றார்.

அப்படி ஓர் அண்ணன் இருந்ததே எங்களில் எவருக்கும் தெரியாது. திருவள்ளூருக்கு அப்பால் உள்ள சிற்றூர் ஒன்றில் பாட்டி பிறந்தவர். அண்ணனுக்கு மேனியிற் படர்ந்ததைத் தேமல் என்று சொல்லிச் சொல்லி வீட்டார் மூன்றாண்டு மறைத்தனராம். விரல்கள் மடங்கிய பின்னர் மறைக்க இயலவில்லை. பாட்டிக்குத் திருமணம் பேசி வந்தபோது, மாட்டுக் கொட்டிலின் பின்னே அவரை இருக்கச் செய்தனர். திருமணம் முடிந்த பின், ஒருநாள் அவர் ஊரைவிட்டே சென்றுவிட்டார். எங்குச் சென்றார் என்று எவரும் தேடவில்லை. “எனக்காகத்தான் போனான்” என்று சொல்லிப் பாட்டி தம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டார். “இந்தப் பிள்ளையை நாளைக்குக் கூட்டிக்கொண்டு போ.”

மறுநாள் தாயார் என்னை அழைத்துச் சென்றார். முதல் மருந்தைச் செவிலியரின் முன்னிலையிலேயே விழுங்கினேன்; எஞ்சியவற்றை நாள்தோறும் வீட்டில் உண்ணுமாறு அட்டையாகத் தந்தனர். முதல் மருந்துண்டால் சிறுநீர் செந்நிறமாகப் போகும், அஞ்சற்க என்று முன்னரே கூறியிருந்தனர், ஆயினும் அஞ்சினேன். மருந்து தொடங்கியபின் என்னிடமிருந்து பிறர்க்கு நோய் பற்றாது என்றும் தெளிவுறுத்தினர். வீட்டார் அனைவரையும் சோதித்து, ஒருவர்க்கும் நோய் இல்லையெனக் கண்டு, அவர்கட்குக் காப்பாக ஒரேமுறை உண்ணும் மருந்தைக் கொடுத்தனர். பாட்டியார் தம் பங்கினை உண்ணுமுன் சிறிது நேரம் கையில் வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தார்.

ஆவணியில் தொடங்கிய மருந்து தையில் முடிந்தது. அவ்வாறு மாதத்தில் ஒரு வகுப்பையும் யான் இழக்கவில்லை. திட்டு இப்போது உற்றுப் பார்த்தாலன்றித் தெரியாது. இழந்த உணர்ச்சி விளிம்பிற் சிறிது மீண்டுள்ளது, நடுவில் மீளவில்லை. மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றிப் பட்டுப்போன நரம்பு முழுவதையும் உயிர்ப்பிக்கும் என்பதில்லை. ஓராண்டு முன்னரே அறிந்திருப்பேனாயின் அவ்வளவும் இழந்திரேன். அந்த ஓராண்டையும் யான் சுணங்கு என்று நகைத்துக் கழித்தேன்.

பயிலரங்குகளைப் பற்றிப் பலர் ஏளனமாகப் பேசக் கேட்டுள்ளேன். பேசுவோர் பேசுவர், கேட்போர் உண்பர், அவரவர் வீடு திரும்புவர் என்பர். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. அரங்கினுள் அமர்ந்து அறிஞர் சொன்னவை யாவும் மெய்யே. அவற்றை யான் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். ஆனால், தெருவிற் சென்று ஒரு திண்ணையின் முன்னே நின்று, ஆங்கே வழங்கும் சொல்லைக் கேட்டுக்கொண்டு வந்த பின்னரே அவை என் உடம்பை எட்டின. அரங்கு கொடுப்பதும் வேண்டும். தெரு கொடுப்பதும் வேண்டும். இடையே நின்று சொல்லைக் கொண்டுசெல்வோரும் வேண்டும். தமிழ் பயிலும் நமக்கு அவ்விடத்தில் வேலை இருக்கின்றது. ஆனால் அங்குச் செல்லுமுன், நாம் விரும்பும் சொல்லைச் சற்றே ஒதுக்கிவைக்கக் கற்றல் வேண்டும். எனக்கு அஃது இன்னும் எளிதாக வரவில்லை என்பதை இக்கட்டுரையின் நடையே காட்டும்.

ஆறு மாதமும் என் உற்ற தோழியிடம் இதனைச் சொல்லாதிருந்தேன். அவளோடு ஒரே பாத்திரத்தில் உண்டவள் யான். சொன்னால் என்ன ஆகுமோ என்ற அச்சம். மருந்து முடிந்த மறுநாள், நூலகத்தின் பின்புறத்து வேப்பமரத்தடியிற் சொன்னேன். அவள் முகம் மாறிற்று. ஒன்றும் பேசாது எழுந்து சென்றாள். அன்று நண்பகல் தனியே உண்டேன். பாட்டியின் அண்ணனை நினைத்துக் கொண்டேன்.

மறுநாட் காலை அவளே வந்தாள். என் அருகில் அமர்ந்து, தன் மேலாடையின் கையைத் தோள்வரை சுருட்டினாள். “எனக்கும் இங்கே ஒன்று இருக்கிறது. இரவெல்லாம் உறக்கம் இல்லை. தொட்டுப் பார்” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பேனாவின் முனையால் மெல்லத் தொட்டேன். தொட்டவுடன் அவள் விரல் அவ்விடத்திற்கு வந்தது. மீண்டும் தொட்டேன், மீண்டும் வந்தது. பத்து முறை தொட்டேன். பத்து முறையும் காட்டினாள். அது வெறுந் தேமலே. அன்று இருவரும் அவள் கொண்டுவந்த புளிச்சோற்றை ஒரே பாத்திரத்தில் உண்டோம்.

இதனை என் பெயரிட்டு எழுதலாமா என்று தாயாரைக் கேட்டேன். அவர் பாட்டியைப் பார்த்தார். பாட்டி, “எழுதட்டும்” என்றார். இதனைப் படிக்கும் அன்பர்கள் இன்றிரவு ஒருமுறை தம் மேனியைப் பார்த்துக்கொள்வார்களாக. தேமல் இருப்பின் தொட்டுப் பார்க்க. தெரிந்தால் அஞ்ச வேண்டா. தெரியாவிடினும் அஞ்ச வேண்டா. மறுநாட் காலையில் அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் செல்க.